அவ்வளவு தொழுதவர்கள், அவ்வளவு ஓதியவர்கள் எப்படி வழி தவறினார்கள்?

கடற்கரைப்பள்ளி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லாவில் சனிக்கிழமை இஷா தொழுகை முடிந்ததும் 17 முதல் 22 வயது வரையுள்ள பையன்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. நான் ஆலிம் இல்லை, மருந்துக்கடை வைத்திருப்பவன். ஹஜ்ரத் வெளியூர் போகும் வாரங்களில் நான்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். போன வாரம் கவாரிஜ்கள் பற்றிய பாடம், அலீ (ரலி) காலத்தில் மற்ற முஸ்லிம்களைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொல்லிப் பிரிந்துபோன கூட்டம்.

ஹுனைன் போருக்குப் பிறகு ஜிஃரானாவில் நபி (ஸல்) அவர்கள் பொருள்களைப் பங்கிட்டபோது துல் குவைஸிரா என்பவர் வந்து, "நீதமாக நடந்துகொள்ளும்" என்று நபிக்கே சொன்ன சம்பவம். உமர் (ரலி) அவரைக் கொல்ல அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். அந்த மனிதரைப் போன்றவர்கள் பின்னால் வருவார்கள், "அவர்களுடைய தொழுகைக்கு முன்னால் உங்கள் தொழுகையும், அவர்களுடைய நோன்புக்கு முன்னால் உங்கள் நோன்பும் அற்பமாகத் தெரியும். குர்ஆன் ஓதுவார்கள், அது தொண்டைக்குழியைத் தாண்டாது" என்று சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் (நபிமொழி).

வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "மாமா, அப்படின்னா நிறையத் தொழுறது ஆபத்தா? எங்க வாப்பா நடுராத்திரி தஹஜ்ஜுத் தொழச் சொல்லி எழுப்புறாங்க. இந்த ஹதீஸ் தொழுதவங்களைத்தானே பழிக்குது?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பையன் முகத்தில் தெளிவு வரவில்லை. எனக்கே வரவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. இவ்வளவு வணக்கம் உள்ள மனிதர்களிடம் எந்த இடத்தில் கோளாறு நுழைந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

---

பழைய_ஏடு எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். நான் வரலாறு படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஹிஜ்ரி 37, அதாவது 657இல் யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்பீன் போர். ஒரு பக்கம் கலீஃபா அலீ (ரலி), இன்னொரு பக்கம் ஷாம் (சிரியா) ஆளுநர் முஆவியா (ரலி). சண்டை இழுத்துக்கொண்டே போன நிலையில் ஷாம் படையினர் குர்ஆன் பிரதிகளை ஈட்டி முனையில் கட்டி உயர்த்தி, "நமக்கிடையே இதுவே தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார்கள். அலீயின் படையிலேயே பலர் போரை நிறுத்தச் சொல்லி அவரை நெருக்கினார்கள். அபூ மூஸா அல் அஷ்அரீ, அம்ர் இப்னுல் ஆஸ் இருவரும் நடுவர்கள் என்று முடிவானது. அதன் பிறகு அதே படையிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பியது. மனிதர்களை நடுவராக வைத்ததே குஃப்ர் (இறைமறுப்பு) என்றார்கள். "லா ஹுக்ம இல்லா லில்லாஹ்", தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே, என்பது அவர்களின் கோஷம். கூஃபாவுக்குப் பக்கத்தில் ஹரூரா என்ற ஊரில் போய்த் தங்கினார்கள். போருக்கு அவசரப்பட்டவர்களும் சமாதானத்துக்கு அவசரப்பட்டவர்களும் இந்தக் கூட்டத்தில் கலந்து இருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெருடும்.

உங்கள் பையனிடம் ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். அப்துல்லாஹ் இப்னு கப்பாப், நபித்தோழர் கப்பாபின் மகன். கர்ப்பிணி மனைவியோடு போய்க்கொண்டிருந்தவரை இந்தக் கூட்டம் வழிமறித்தது. பேசிக்கொண்டே நடந்தபோது மரத்திலிருந்து விழுந்து கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தை ஒருவர் எடுத்து வாயில் போட்டார். "உரிமையாளரிடம் கேட்காமல், விலை கொடுக்காமல் தின்கிறாயா?" என்று கூட இருந்தவர் அதட்டினார். அவர் உடனே துப்பிவிட்டார். இன்னொருவர் முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவரின் பன்றியை வெட்டிவிட்டார். அதுவும் தவறு என்று சொல்லி, உரியவரைத் தேடி ஈடு கொடுத்தார்கள்.

அப்புறம் அப்துல்லாஹ்விடம், அலீயைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். அவர் அலீயைப் பற்றி நல்லதாகச் சொன்னார். ஆற்றங்கரையில் வைத்து அவரை அறுத்தார்கள். மனைவியின் வயிற்றையும் கிழித்தார்கள்.

நான் இதை முதன்முதலில் படித்தது கல்லூரி நாட்களில். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஒரு பேரீச்சம்பழத்தின் ஹலால் ஹராம் தெரிந்தவர்களுக்கு ஓர் உயிரின் கண்ணியம் தெரியவில்லை. "ஓர் உயிரைக் கொன்றவர் மனிதர் அனைவரையும் கொன்றவர் போலாவார்" என்ற 5:32ஐ அவர்கள் எத்தனை முறை ஓதியிருப்பார்கள்! இந்தக் கொலைக்குப் பிறகுதான் அலீ அவர்களோடு போரிட்டார். நஹ்ரவான், ஹிஜ்ரி 38.

---

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். நான் முஸ்லிம் இல்லை. பக்கத்து வீட்டு நண்பர் வழியாக இந்தத் தளத்தைப் படிக்கிறவன். தவறாகக் கேட்டால் மன்னியுங்கள். "தீர்ப்பு இறைவனுக்கு மட்டுமே" என்பதை எந்த முஸ்லிமும் ஏற்பாரே? குர்ஆனிலேயே இருக்கிற வாக்கியம் என்று நண்பர் சொன்னார். அப்படியிருக்க அதைச் சொன்னவர்களை எந்த அடிப்படையில் மறுத்தார்கள்?

---

ஆலிமா_அக்கா எழுதியது:

நல்ல கேள்வி, சகோதரரே. இதே கேள்வி அலீ (ரலி) அவர்கள் முன்னாலும் வந்தது. அந்தக் கோஷத்தைக் கேட்டதும், "சொல் உண்மையானது, ஆனால் அதைக் கொண்டு நாடப்படுவது பொய்" என்றார்கள். முஸ்லிம் ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ளது. நான் மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைப் புரியவைக்கவே எனக்கு ஒரு முழு வகுப்பு வேண்டும்.

அவர்கள் வசனத்தை மறுக்கவில்லை. வசனத்துக்கும் தங்களுக்கும் நடுவில் மனித விளக்கம் ஒன்று இருக்கிறது என்பதைத்தான் மறுத்தார்கள். தாங்கள் புரிந்துகொண்டதையே அல்லாஹ்வின் தீர்ப்பு என்று நினைத்தார்கள். அப்படி நினைத்துவிட்டால் எதிரில் நிற்பவர் தங்களோடு முரண்படுபவராகத் தெரிய மாட்டார், அல்லாஹ்வோடு முரண்படுபவராகவே தெரிவார்.

இப்னு அப்பாஸ் (ரலி) ஹரூராவுக்கே நேரில் போனார்கள். அழகான யமன் நாட்டு ஆடை உடுத்திக்கொண்டு போனார்கள். முதல் குறையே அந்த ஆடையைப் பற்றித்தான் வந்தது. "நபியவர்கள் மிக அழகான ஆடை உடுத்தி நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "உங்கள் குறைகளைச் சொல்லுங்கள்" என்று உட்கார்ந்தார்கள். மூன்று சொன்னார்கள். ஒன்று, மனிதர்களை நடுவராக்கியது. இரண்டாவது, அதற்கு முன் நடந்த ஜமல் போரில் வென்றும் அலீ எதிர்த்தரப்பைக் கைதியாகப் பிடிக்காதது. மூன்றாவது, ஒப்பந்தத்தில் "அமீருல் முஃமினீன்" (விசுவாசிகளின் தலைவர்) என்ற அலீயின் பட்டத்தை அழித்தது.

இப்னு அப்பாஸ் குர்ஆனை வைத்தே பேசினார்கள். கணவன் மனைவி பிணக்குக்கு இரு பக்கமும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்வது 4:35. இஹ்ராமில் (ஹஜ், உம்ரா நிலையில்) வேட்டையாடினால் ஈடு என்ன என்பதை நீதமுள்ள இருவர் முடிவு செய்யச் சொல்வது 5:95. "கால் திர்ஹம் பெறும் ஒரு முயலுக்கு மனிதர் தீர்ப்புச் சொல்லலாம், முஸ்லிம்களின் இரத்தத்தைக் காக்கச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்கள். ஜமல் போரில் எதிரே இருந்தவர் நபியின் மனைவியும் முஃமின்களின் தாயுமான ஆயிஷா (ரலி). "உங்கள் தாயையா கைதியாக்கச் சொல்கிறீர்கள்?" என்றார்கள். பட்டத்தை அழித்ததற்கு, மக்காவாசிகளோடு நபியவர்கள் செய்த ஹுதைபிய்யா ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். அங்கே நபியவர்களே "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லை அழிக்கச் சொன்னார்கள், அதனால் அவர்களின் தூதுத்துவம் போய்விடவில்லை.

ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மனம் மாறித் திரும்பினார்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாளுக்கு முன்னால் போனது பேச்சு. போனவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவர். அவர்களைத் தேடிப் போய், அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசினார்.

---

நேர்வழி22 எழுதியது:

ஸலாம். எல்லாரும் சொல்வதைப் படித்தேன். மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"தீவிரம் கூடாது, நடுநிலை வேண்டும்" என்ற பேச்சை என் வயதுப் பையன்கள் எங்கே கேட்கிறோம் தெரியுமா? அநியாயம் நடக்கும்போது வாயை மூடச் சொல்பவர்களிடம்தான். தாடி வைத்தால் தீவிரம். தொழுகை நேரத்தில் வேலையை நிறுத்தினால் தீவிரம். ஆட்சியாளர் எவ்வளவு கொடுமை செய்தாலும் கட்டுப்படு, குழப்பம் செய்தால் நீ கவாரிஜ் என்று ஒரு கூட்டம். உலகம் முழுக்க முஸ்லிம் நாடுகளில் சர்வாதிகாரிகள் தங்களை எதிர்ப்பவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரைத்தானே சூட்டுகிறார்கள்? கவாரிஜ் கதையைச் சொல்பவர்கள் தலைவர்களின் அநியாயத்தையும் அதே மூச்சில் சொன்னால் நம்புவோம். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

---

ஆலிமா_அக்கா எழுதியது:

தம்பி, கோபம் ஒன்றும் இல்லை. நீ சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடு.

ஆட்சியாளரை விமர்சிப்பவனைக் கவாரிஜ் என்பது மார்க்கத்தை வளைப்பது. "அநியாயக்கார ஆட்சியாளன் முன்னால் சொல்லப்படும் நீதமான சொல் மிகச் சிறந்த ஜிஹாத்" என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் இருக்கிறதே. கட்டுப்படுதலுக்கும் எல்லை உண்டு. நபியவர்கள் ஒரு படையை அனுப்பி அன்ஸாரிகளில் ஒருவரைத் தலைவராக்கினார்கள். வழியில் அவருக்குப் படையினர் மேல் கோபம் வந்தது. விறகு சேர்க்கச் சொன்னார், தீ மூட்டச் சொன்னார், "நபி எனக்குக் கட்டுப்படச் சொல்லவில்லையா? இதில் குதியுங்கள்" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "நரக நெருப்புக்குப் பயந்துதானே நபியிடம் ஓடி வந்தோம்" என்று நின்றுவிட்டார்கள். திரும்பி வந்து சொன்னபோது நபியவர்கள், "அதில் நுழைந்திருந்தால் ஒருபோதும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். கட்டுப்படுவது நன்மையில் மட்டுமே" என்றார்கள். தலைவர் சொல்லிவிட்டார் என்று தீயில் குதிக்கவைக்கும் கூட்டங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அரசாங்கத்துக்கும் இது பொருந்தும், தற்கொலைக் குண்டைக் கட்டிவிடும் அமீருக்கும் பொருந்தும்.

தாடி, தொழுகை பற்றிச் சொன்னாய். அதைத் தீவிரம் என்பவர்களுக்கு மார்க்கம் தெரியவில்லை. மார்க்கம் "குலுவ்" (வரம்பு மீறல்) என்று சொல்வது வேறு. ஹஜ்ஜில் நபியவர்கள் இப்னு அப்பாஸிடம் கல் பொறுக்கச் சொன்னார்கள். அவர் சுண்டி எறியும் அளவுக்குச் சின்னக் கற்களாகப் பொறுக்கிக் கொடுத்தார். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது போன்றவற்றால் எறியுங்கள். மார்க்கத்தில் வரம்பு மீறுவதை அஞ்சுங்கள், உங்களுக்கு முன்னிருந்தவர்களை அழித்தது அதுதான்" என்றார்கள். எவ்வளவு சின்ன விஷயத்தில் எவ்வளவு பெரிய எச்சரிக்கை பார்! பெரிய கல்லை எறிந்தால் அதிக நன்மை என்று நினைக்கிற மனது இருக்கிறதே, அது நல்ல எண்ணத்திலிருந்தே தொடங்குகிறது. அடுத்த நாள் அவன் தன்னைவிடச் சின்னக் கல்லை எறிகிறவனைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

கடற்கரைப்பள்ளி பாய், உங்கள் பையனுக்கான பதில் முஆத் (ரலி) அவர்களின் சம்பவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முஆத் நபியோடு இஷா தொழுதுவிட்டுத் தம் கூட்டத்தாரிடம் போய் அவர்களுக்குத் தொழவைப்பார். ஒரு நாள் அல்பகரா அத்தியாயத்தை ஓத ஆரம்பித்தார். ஒரு மனிதர், பகல் முழுக்க ஒட்டகத்தை வைத்துத் தண்ணீர் இறைத்துக் களைத்து வந்தவர், விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் அவரை நயவஞ்சகர் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் நபியிடம் முறையிட்டார். நபியவர்கள் முஆதை அழைத்து, "முஆதே, நீர் குழப்பம் செய்பவரா?" என்று மூன்று முறை கேட்டார்கள். வஷ்ஷம்ஸ், ஸப்பிஹிஸ்ம, வல்லைல் போன்ற சிறிய அத்தியாயங்களை ஓதச் சொன்னார்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் தேவையுள்ளவரும் நிற்கிறார்கள் என்றார்கள்.

நீண்ட ஓதல், அதில் சேர முடியாதவனுக்கு நயவஞ்சகன் என்ற பட்டம். கவாரிஜ்களிடம் பிறகு தெரிந்த இரண்டும் சின்ன அளவில் இங்கே இருக்கின்றன. முஆத் திருத்தப்பட்டார், ஏற்றுக்கொண்டார். இந்த உம்மத்தின் மிகப் பெரிய ஃபிக்ஹ் அறிஞர்களில் ஒருவரானார், நபியவர்கள் அவரை யமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பும் அளவுக்கு. துல் குவைஸிராவோ நபியையே திருத்த வந்தவர்.

---

கடற்கரைப்பள்ளி எழுதியது:

ஜஸாகல்லாஹு கைரன், அக்கா. முஆத் சம்பவத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன், தொழுகையைச் சுருக்குவது பற்றிய பாடமாக மட்டுமே. இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

இதைப் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஜூலை 4, 2014. மோஸுல் நகரத்துப் பெரிய பள்ளிவாசல், நூருத்தீன் ஸங்கி 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் தலைவர் அபூபக்ர் அல் பக்தாதி மிம்பரில் (பிரசங்க மேடையில்) ஏறி, தன்னைக் கலீஃபா என்று சொல்லிக்கொண்டு பேசினார். அந்தக் காணொளியைக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். "உங்களுக்குப் பொறுப்பாளனாக்கப்பட்டேன், நான் உங்களில் சிறந்தவன் அல்ல. நான் சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அது அபூபக்ர் ஸித்தீக் (ரலி) 632இல் முதல் கலீஃபாவாகப் பொறுப்பேற்றபோது சொன்ன சொல். நான் சிறுவயதில் மனப்பாடம் செய்தது. மனிதகுலத்தில் ஒரு தலைவர் சொன்னவற்றில் இதற்கு நிகரானது எனக்குத் தெரியாது. "உங்களில் பலவீனர், அவருடைய உரிமையை வாங்கிக் கொடுக்கும் வரை என்னிடம் பலசாலி. உங்களில் பலசாலி, அவரிடமிருந்து உரிமையை மீட்கும் வரை என்னிடம் பலவீனர்" என்று தொடரும் அந்த உரை.

அதே சொற்கள். அந்த நகரத்தில் பக்தாதியைத் திருத்த முயன்றவர்களுக்கு என்ன கிடைத்தது? மறுத்துப் பேசிய இமாம்களையே கொன்றார்கள். 2017 ஜூனில் தோற்றுப் பின்வாங்கும்போது அந்தப் பள்ளிவாசலையும் சாய்ந்து நிற்கும் ஹத்பா மினாராவையும் அவர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். "சொல் உண்மையானது, நாடப்படுவது பொய்" என்று அலீ (ரலி) சொன்னது இதைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கிறது.

நேர்வழி தம்பி, நீ கேட்டதும் இதுதான் என்று தோன்றுகிறது. சர்வாதிகாரியும் பக்தாதியும் ஒரே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். இரண்டு பேரையும் யாரும் திருத்த முடியாது.

---

கிழக்கு_நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். இலங்கை கிழக்கு மாகாணத்திலிருந்து. இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன், எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகளும் மௌத்தானார்கள். அதற்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் காத்தான்குடிக்காரர். எங்கட தமிழில் பயான் (மார்க்கப் பிரசங்கம்) செய்தவர். அவர் முதலில் குறிவைத்தது கிறிஸ்தவர்களை அல்ல. சொந்த ஊரில் சூஃபி வழியில் போகும் முஸ்லிம்களைத்தான் வழிகேடர் என்றும் காஃபிர் என்றும் மேடை போட்டுப் பேசினார். 2017 மார்ச்சில் அது அடிதடியில் முடிந்தது. அதோடு தலைமறைவானார். ஒரு முஸ்லிமைக் காஃபிர் என்று சொல்வதைச் சின்ன விஷயமாக எடுத்ததுதான் எங்கட ஊர்களின் பிழை. "மௌலவிமார் சண்டை" என்று விட்டுவிட்டோம். "தன் சகோதரனைக் காஃபிரே என்று ஒருவன் அழைத்தால் இருவரில் ஒருவர் மேல் அது திரும்பும்" என்ற ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் அந்தக் குடும்பத்தவர்கள் ஒளிந்திருந்தபோது, புது ஆட்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள். வெடித்ததில் குழந்தைகள் உட்பட 15 பேர் மௌத்து. தாக்குதல் நடத்தியவர்களின் ஜனாஸாக்களை (உடல்களை) ஏற்க மாட்டோம் என்று உலமாக்களின் அமைப்பான ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது. அதற்குப் பிறகும் எங்கட கடைகளையும் வீடுகளையும் உடைத்தார்கள், ஒரு குற்றமும் செய்யாத ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதன் வலி தனி.

"ஒரு கூட்டத்தார் மேலுள்ள வெறுப்பு, நீங்கள் நீதி தவறும்படி உங்களைத் தூண்ட வேண்டாம்" என்பது 5:8. அந்த நாட்களில் நான் அடிக்கடி ஓதிய ஆயத்து இதுதான். எங்களுக்கும் அது தேவைப்பட்டது, எங்களை வெறுத்தவர்களுக்கும் தேவைப்பட்டது.

---

வைகைக்கரை எழுதியது:

நானா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. எழுதியதற்கு நன்றி.

பழைய_ஏடு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்துல்லாஹ்வைக் கொல்லும் வரை அந்தக் கூட்டத்தை அலீ அவர்கள் எப்படி நடத்தினார்? கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகவே பிடித்து உள்ளே போட்டாரா?

---

பழைய_ஏடு எழுதியது:

இல்லை. கூஃபா பள்ளிவாசலில் அலீ குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து அந்தக் கோஷத்தை எழுப்புவார்கள். அவர் சொன்ன பதில்: "எங்களிடம் உங்களுக்கு மூன்று உரிமைகள் உண்டு. அல்லாஹ்வின் பள்ளிவாசல்களில் அவனை நினைவுகூர்வதை உங்களுக்குத் தடுக்க மாட்டோம். உங்கள் கை எங்கள் கையோடு இருக்கும் வரை பொதுச் செல்வத்தில் உங்கள் பங்கை மறுக்க மாட்டோம். நீங்கள் போர் தொடங்காத வரை நாங்கள் தொடங்க மாட்டோம்." ஆட்சித் தலைவரைக் காஃபிர் என்று முகத்துக்கு நேராகச் சொல்பவனுக்கு மானியம் நிற்கவில்லை. இரத்தம் சிந்தியபோதுதான் கோடு தாண்டப்பட்டது. "அவர்கள் காஃபிர்களா?" என்று கேட்டவர்களிடமும் "நமக்கு எதிராக வரம்பு மீறிய நம் சகோதரர்கள்" என்றே சொன்னதாக வருகிறது. தக்ஃபீருக்குப் (காஃபிர் என்று முத்திரை குத்துவதற்குப்) பதிலாக அவர் தக்ஃபீர் செய்யவில்லை.

ஹிஜ்ரி 40 ரமளானில், 661 ஜனவரியில், ஃபஜ்ர் நேரத்தில் இப்னு முல்ஜம் என்ற கவாரிஜ் விஷம் தோய்த்த வாளால் அவரை வெட்டினான். படுக்கையிலிருந்து பிள்ளைகளுக்குச் சொன்னது: அவனுக்கு நல்ல உணவு கொடுங்கள். நான் பிழைத்தால் என் உரிமையை நான் பார்த்துக்கொள்வேன். இறந்துவிட்டால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டு, அதற்கு மேல் வேண்டாம், உடலைச் சிதைக்காதீர்கள்.

60 ஆண்டுகள் கழித்து உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஆட்சியிலும் இதே வழி. இரண்டரை ஆண்டுகூட நிறையாத ஆட்சி, 717 முதல் 720 வரை. ஷவ்தப் என்பவர் தலைமையில் கவாரிஜ்கள் கிளர்ந்தபோது, அவர்கள் இரத்தம் சிந்தாத வரை தொடாதே என்று ஆளுநருக்கு எழுதினார். ஷவ்தபுக்கும் கடிதம் போட்டார்: அல்லாஹ்வுக்காகக் கோபப்பட்டுக் கிளம்பியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அதற்கு என்னைவிட உனக்கு அதிக உரிமை இல்லை, வா, விவாதிப்போம். இரண்டு பேர் வந்தார்கள், உட்கார்ந்து பேசினார்கள். உமரின் வம்சமான உமையாக்களின் அநியாயங்களைக் கேட்டார்கள். உமர் தம் குடும்பத்தார் செய்த அநியாயத்தை மறைக்கவில்லை. அபகரித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதரல்லவா! மிம்பரில் அலீயைச் சபிக்கும் வழக்கத்தை நிறுத்தியவரும் அவரே.

என் சொந்தக் கருத்து: அவருக்கு முன்னும் பின்னும் வாள் செய்ய முடியாததை அந்த நேர்மை செய்தது. அவர் காலத்தில் கவாரிஜ்களின் கோபத்துக்குப் பிடிமானம் குறைந்தது. அவர் இறந்ததும் மறுபடி போர்தான்.

---

நேர்வழி22 எழுதியது:

உமர் இப்னு அப்துல் அஸீஸ் கடிதம் எனக்குப் புதிது. "உன்னைவிட எனக்கும் கோபப்பட உரிமை உண்டு" என்று ஓர் ஆட்சியாளர் சொன்னால் நான் போய் உட்கார்ந்து பேசுவேன். அல்லாஹ் மேல் ஆணை, பேசுவேன். எங்களிடம் யாரும் அப்படி வந்து பேசியதில்லை. எங்கள் ஊர் ஜமாஅத்தில் நிர்வாகத்திடம் வரவு செலவு கேட்ட பையன்களுக்குக் கிடைத்த பெயர் "குழப்பவாதிகள்". அதில் இரண்டு பேர் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது ராத்திரி முழுக்கப் போனில் யார் யாருடைய பயானையோ கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

---

ஆலிமா_அக்கா எழுதியது:

அந்த இரண்டு பேர் வீட்டுக்கு நீயே போ தம்பி. இன்றைக்கே போ. விவாதத்துக்கு இல்லை, சும்மா பார்த்துவிட்டு வா.

வரவு செலவு கேட்பது குழப்பம் இல்லை. பதவி என்பது அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்டது). அபூதர் (ரலி) நபிக்கு மிக நெருக்கமான தோழர், உண்மைக்குப் பேர் போனவர். "எனக்கு ஒரு பொறுப்புத் தரமாட்டீர்களா?" என்று கேட்டபோது நபியவர்கள் அவர் தோளில் தட்டி, "அபூதரே, நீர் பலவீனமானவர். அது அமானிதம். மறுமையில் இழிவாகவும் கைசேதமாகவும் இருக்கும், உரிய முறையில் எடுத்து அதன் கடமையை நிறைவேற்றியவருக்குத் தவிர" என்றார்கள். பக்தி மட்டும் போதாது என்று இதைவிட அன்பாக யாரால் சொல்ல முடியும்? நம் ஊர்களில் முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) பதவிக்கு நீதிமன்றம் வரை போகிறார்கள்.

இன்னொரு சம்பவம், இதை எல்லா ஆண்களும் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். ஹுதைபிய்யா, 628. ஒப்பந்தம் முடிந்தது. பலிப்பிராணிகளை அறுத்துத் தலை மழிக்கும்படி நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் தோழர்கள் எழவில்லை. அவ்வளவு மனவேதனையில் இருந்தார்கள். நபியவர்கள் கூடாரத்துக்குள் போய் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். "யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் உங்கள் பிராணியை அறுங்கள், தலை மழிப்பவரை அழையுங்கள்" என்று அவர்கள் ஆலோசனை சொன்னார்கள். அப்படியே செய்தார்கள். பார்த்ததும் எல்லோரும் எழுந்து அறுக்க ஆரம்பித்தார்கள். வஹீ (இறைச்செய்தி) வருகிற தலைவர், கட்டுப்படாதவர்கள் மேல் கோபத்தைக் கொட்டவில்லை, மனைவியிடம் ஆலோசனை கேட்டு நடந்தார்கள். "நீர் கடுகடுப்பானவராக, கடின உள்ளம் கொண்டவராக இருந்திருந்தால் அவர்கள் உம்மைவிட்டுக் கலைந்துபோயிருப்பார்கள்" என்ற 3:159 சும்மா இறங்கவில்லை. அந்த வசனமே அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கச் சொல்கிறது. அதுவும் உஹுத் போரில் சொல்பேச்சுக் கேட்காமல் தோல்விக்குக் காரணமானவர்களோடு!

---

கடற்கரைப்பள்ளி எழுதியது:

நேற்று சனிக்கிழமை வகுப்பு முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முஆத் (ரலி) சம்பவத்தையும் துல் குவைஸிரா சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். பேரீச்சம்பழத்தைச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. பிறகு அந்தப் பையனிடம், "வாப்பா எழுப்பினால் எழுந்து தஹஜ்ஜுத் தொழு. தொழுதுவிட்டுத் தூங்குகிற தம்பியைப் பார்க்கும்போது உன் மனதில் என்ன வருகிறது என்று மட்டும் கவனி" என்றேன். சிரித்தான். "நேத்துகூட அவனைச் சோம்பேறின்னு திட்டினேன் மாமா" என்றான்.

அப்புறம் வேறொருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், கேட்டான்: "முஆத் பின்னாடி தொழாம போனாரே, தண்ணி இறைச்சவர், அவர் நபிகிட்ட போய்ச் சொல்ல முடிஞ்சுது. நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?"

நிர்வாகத்தில் நானும் ஓர் ஆள். அவன் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். அடுத்த மாதம் முதல் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவது பற்றியும், இளைஞர்கள் இரண்டு பேரை மஷூராவில் (ஆலோசனைக் கூட்டத்தில்) உட்காரவைப்பது பற்றியும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசப் போகிறேன். இரண்டு பெரியவர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும். அவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே போய்ப் பேசலாம் என்று நினைக்கிறேன். துஆ செய்யுங்கள்.

---

நேர்வழி22 எழுதியது:

பாய், துஆ செய்கிறேன். அக்கா, அந்த இரண்டு பேரில் ஒருவன் வீட்டுக்குப் போனேன். அவன் உம்மா இடியாப்பம் வைத்தார்கள். மார்க்கம் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு வருவியா?" என்று கேட்டான். வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.